அவர் பேரைச் சொல்லணுமாம்

எங்க மாடி போர்ஷனுக்கு வாடகைக்கு வர்றவங்க யாரும் மெட்ராஸைச் சுத்திப் பார்க்க வர்றவங்க இல்ல. வைத்தியத்துக்கு வர்றவங்க. மந்தைவெளியில இருந்து பெரிய ஆஸ்பத்திரி எதுக்கும் ஆட்டோவுல போயிடலாம், கீழ மளிகைக் கடை, எதிர்த்தாப்புல மருந்துக் கடை. அதனால எப்படியோ எங்க வீட்டு விலாசம் கடல் தாண்டிப் போயிடுச்சு. மாலத்தீவுக்காரங்க இருந்துட்டுப் போயிருக்காங்க, மஸ்கட்ல இருந்து ஒரு குடும்பம் வந்திருக்கு, வங்காளதேசத்துக்காரங்க எத்தனையோ பேர். எக்ஸ்ரே கவரை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு படி ஏறுவாங்க. குணமாகி இறங்கிப் போனவங்க நிறைய. அப்படிப் போகாதவங்களும் உண்டு, அவங்களைப் பத்தி எங்க வீட்டுல நாங்க பேசிக்கிறதில்ல.

இந்த ஏற்பாடே என் வீட்டுக்காரர் பண்ணினது. ரிட்டயர் ஆனதும் மாடியைக் குடும்பத்துக்கு விட்டா காலி பண்ண மாட்டாங்க, இவங்கன்னா வந்து போயிட்டு இருப்பாங்கன்னார். எனக்கு இஷ்டமே இல்ல. தினம் விடிஞ்சா நோயாளி முகத்துல முழிக்கணுமான்னு சண்டை போட்டேன். அப்புறம் என்னடான்னா, வந்தவங்களுக்கெல்லாம் கஞ்சி வெச்சுக் கொடுத்தது நான், ஆஸ்பத்திரியில டோக்கன் வாங்க நின்னது நான். அவர் பேப்பரை விரிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருந்ததோட சரி.

போன வருஷம் மழை விட்ட சமயத்துல அந்தப் புருஷனும் பொண்டாட்டியும் வந்தாங்க. வங்காளதேசத்துல ஏதோ ஒரு ஆத்தங்கரை ஊர். அவருக்கு அங்க சின்னதா ஒரு ஜவுளிக் கடை. ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. வாரத்துக்கு மூணு தடவை டயாலிசிஸ், அதுக்கு அவங்க ஊர்ல இருந்து பக்கத்து டவுனுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள அந்த நாள் முடிஞ்சுடுமாம். மாத்துக் கிட்னி வெச்சாதான் பிழைப்பார்னு சொல்லிட்டாங்க. சிங்கப்பூர் அது இதுன்னு போக வசதி கிடையாது. சென்னையில நல்லா பண்றாங்க, நம்ம கைக்கும் எட்டும்னு, இங்க வந்து இதய ஆபரேஷன் பண்ணிக்கிட்டுப் போன அவங்க சொந்தக்காரர் ஒருத்தர் சொல்லியிருக்கார். ரெண்டு பிள்ளைங்களைத் தன் அம்மாகிட்ட விட்டுட்டு அவ கிளம்பி வந்துட்டா. கிட்னி கொடுக்கப் போறதே அவதான்.

டெஸ்ட் எல்லாம் எடுத்து அவ கிட்னி அவருக்குச் சேரும்னு சொன்ன அன்னிக்கு அவ முகத்தைப் பார்க்கணுமே. கல்யாணம் நிச்சயமான பொண்ணு மாதிரி சிரிச்சுக்கிட்டே படியிறங்கி வந்து, "ஆபா, பொருந்திடுச்சு"ன்னா. ஆபான்னா அவங்கள்ல அக்கா. ஜாதகத்துலகூட இவ்வளவு பொருத்தம் பார்த்திருக்க மாட்டாங்கடின்னு நான் கேலி பண்ணினேன்.

நாங்க பேசிக்கிட்டது ஹிந்தியில. அவ டிவி சீரியல் பார்த்துக் கத்துக்கிட்ட ஹிந்தி. அதனால உப்பு இருக்கான்னு கேட்டாலும் மாமியார் சபதம் போடற மாதிரியே இருக்கும். என்னோடது நாக்பூர் காய்கறிச் சந்தை ஹிந்தி, என் வீட்டுக்காரருக்கு அங்க வேலை மாத்தல் ஆனப்ப வந்தது. விலையைக் குறைக்கிறதுக்கும் திட்டறதுக்கும்தான் அது உதவும். ஆனா எங்களுக்குள்ள எல்லாம் புரிஞ்சுது.

கிட்னி போனதால அவ புருஷன் அளந்துதான் தண்ணி குடிக்கணும். ஒரு சின்ன பாட்டில்ல ஊத்தி வெச்சிருப்பா, அது தீர்ந்தா அன்னிக்கு அவ்வளவுதான். அவளுக்குத் தாகம் எடுத்தா அவர் எதிர்க்கக் குடிக்க மாட்டா. ஒண்ணு சமையல் ரூம் கதவைச் சாத்திட்டுக் குடிப்பா, இல்லன்னா கீழ எங்க வீட்டுக்கு வந்து சொம்பை வாங்கிக் கடகடன்னு குடிச்சுட்டு, வாயைத் துடைச்சுக்கிட்டுத்தான் மேல போவா. முதல்ல எனக்கு இது தெரியாம, ஏன் இவ தண்ணி குடிக்க இங்க வர்றான்னு நினைச்சேன். தெரிஞ்சப்புறம் அவளுக்குன்னே ஒரு சொம்பை எடுத்து ஹால்ல வெச்சேன்.

எல்லாம் சரியா போயிட்டிருந்துது, கமிட்டி வரைக்கும்.

கிட்னியைக் காசுக்கு வித்து வாங்கறது நடக்குதுன்னு சட்டத்துல ஒரு ஏற்பாடு. வெளிநாட்டுக்காரங்கன்னா இன்னும் கெடுபிடி. கொடுக்கறவங்களும் வாங்கறவங்களும் நிஜமாவே சொந்தமா, மனசோட கொடுக்கறாங்களான்னு ஒரு கமிட்டி உக்காந்து நேர்ல கேட்கும். அதை வீடியோவும் எடுப்பாங்க. கல்யாணப் பத்திரம், தூதரகத்து லெட்டர் எல்லாம் இவங்ககிட்ட இருந்துது. காகிதத்தை யார் வேணாலும் தயார் பண்ணலாம், அதனால வாயால கேட்பாங்களாம். தப்பில்ல. எத்தனையோ ஏழைப் பொம்பளைங்களை பொண்டாட்டின்னு கூட்டிட்டு வந்து வயித்தைக் கிழிச்சு அனுப்பியிருக்கானுங்க. கேட்கத்தான் வேணும்.

அன்னிக்குப் போயிட்டு மத்தியானம் திரும்பி வந்தாங்க. அவர் நடுப்படியில உக்காந்துட்டார், ஏற முடியல. அவ செவுத்தைப் பார்த்துக்கிட்டு நின்னா. என்னாச்சுன்னு கேட்டேன். நான் அதட்டினதுக்கப்புறம் அவர்தான் சொன்னார். எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லியிருக்கா. பிள்ளைங்க பேர், மாமனார் ஊர், கல்யாணத்துல என்ன சமையல், எல்லாம். கடைசியில, உன் புருஷன் பேர் என்னன்னு கேட்டிருக்காங்க. அதுக்கு மட்டும் பதில் இல்ல. முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு, பெரியவனோட அப்பான்னு சொல்லியிருக்கா. பேரைச் சொல்லும்மான்னு திரும்பக் கேட்டிருக்காங்க. மேஜை மேல இருந்த பேப்பரைக் காட்டி, அதுல எழுதியிருக்கேன்னு சொல்லிட்டாளாம். மொழிபெயர்க்க வந்தவர் பட்டணத்துல வளர்ந்த மனுஷர்போல. பயந்துட்டா, பதில் சொல்ல மாட்டேங்கறான்னு மட்டும் கமிட்டிகிட்ட சொல்லியிருக்கார். புருஷன் பேரே தெரியாத பொண்டாட்டியான்னு அவங்களுக்குச் சந்தேகம் வந்துடுச்சு. அடுத்த வாரம் திரும்ப வாங்க, அப்பவும் திருப்தியில்லன்னா அனுமதி கிடையாதுன்னு அனுப்பிட்டாங்க.

எனக்கு வந்துது பாருங்க கோவம். இதுக்காடி நாடு விட்டு நாடு இவ்வளவு தூரம் வந்த, ஒரு பேரு, அதைச் சொல்லித் தொலைச்சா என்ன, வாயில இருந்து முத்தா கொட்டிடும்னு படியிலயே நின்னு கத்தினேன். அவ முழுசா கேட்டுக்கிட்டா. அப்புறம் மெதுவா, "ஆபா, உங்க வீட்டுக்காரர் பேர் என்ன?"ன்னு கேட்டா.

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாய் திறந்தபடியே நின்னுடுச்சு.

கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் அவர் பேரைச் சொன்னதே இல்ல. ஏங்க, இந்தாங்க, அதான் எனக்குத் தெரிஞ்ச பேர். ரேஷன் கடையில கேட்டா கார்டை நீட்டுவேன், பேங்க்ல கேட்டா பாஸ்புக்கை நீட்டுவேன். ஒரு வருஷம் அறுபத்துமூவர் திருவிழாவுக்கு மயிலாப்பூர் போய், கபாலி கோயில் மாட வீதிக் கூட்டத்துல அவரைத் தொலைச்சுட்டேன். மைக் வெச்சிருந்த போலீஸ்காரர், பேரைச் சொல்லும்மா கூப்பிடறேங்கறார். நீலச் சட்டை, கண்ணாடி, கொஞ்சம் வழுக்கைன்னு சொல்றேனே தவிர பேர் வரல. அந்தாளு தலையில அடிச்சுக்கிட்டு பேனாவைக் கொடுத்தார், எழுதிக் கொடுத்தேன். புருஷன் பேரைச் சொன்னா அவர் ஆயுசு குறையும்னு எங்க பக்கமும் சொல்லுவாங்க. நான் அதை நம்பறேனான்னு கேட்டா, இல்லவே இல்ல. அப்ப சொல்லேன்னா, மாட்டேன்.

மறுநாள் நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெளிநாட்டு நோயாளிகளைக் கவனிக்கிற மேடம் ஒருத்தர் இருந்தாங்க. விஷயத்தைச் சொன்னதும் அவங்களுக்குச் சிரிப்பும் வந்துது, வருத்தமும் வந்துது. எங்க அத்தைகூட இப்படித்தாம்மா, எனக்குப் புரியுது, கமிட்டிகிட்டயும் எடுத்துச் சொல்றேன், ஆனா வீடியோவுல அந்தம்மா தன் வாயால சொன்னாதான் அது செல்லும்னாங்க. நீங்க வீட்டுக்காரம்மா, உங்க சாட்சி எடுபடாதுன்னும் சொன்னாங்க. அதோட டாக்டர் சொன்னதையும் சொன்னாங்க. அவருக்கு நெஞ்சுல நீர் கோத்துக்க ஆரம்பிச்சிருக்கு, டயாலிசிஸை வெச்சு ரொம்ப நாள் ஓட்ட முடியாதாம்.

அந்த வாரம் பூரா எங்களுக்கு ஒத்திகைதான். மொட்டை மாடியில அவ துணி காயப் போட வரும்போது நான் பிடிச்சுப்பேன். சொல்லு. சொல்ல மாட்டா. முதல் எழுத்தை மட்டும் சொல்லு. உதடு குவியும், சத்தம் வராது. குழாயைத் திறந்து விட்டுட்டு அந்தச் சத்தத்துல சொல்லிப் பாருன்னேன், பக்கெட் நிரம்பி வழிஞ்சதுதான் மிச்சம். கடைசியில ஒரு பேரம் பேசினோம். நான் என் வீட்டுக்காரர் பேரைச் சொன்னா அவளும் சொல்லணும்.

கீழ சமையலறையில அவளை நிக்க வெச்சுக்கிட்டு, கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, அடுப்பு மேடையைப் பிடிச்சுக்கிட்டு சொன்னேன். சொல்லவா செஞ்சேன், கத்தியிருக்கேன் போல. ஹால்ல பேப்பர் படிச்சிட்டிருந்தவர் எழுந்து வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்து பார்க்கறார். ஆபீஸ்ல கூட வேலை பார்த்தவங்க யாரோ வந்திருக்காங்கன்னு நினைச்சுட்டாராம். யாருமில்லன்னதும் சமையலறைக்கு வந்து எட்டிப் பார்த்தார். நான்தான் கூப்பிட்டேன்னு சொல்ல எனக்கு வெக்கமா போச்சு. அவருக்கு எப்படியோ புரிஞ்சுடுச்சு. திரும்பிப் போனார், ஆனா அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது ரெண்டு தடவை தானா சிரிச்சுக்கிட்டார்.

அவ சிரிச்சா, கைதட்டினா, அப்புறம் என் தோள்ல சாஞ்சு அழ ஆரம்பிச்சுட்டா. நான் சொல்ல மாட்டேன் ஆபான்னா. அவரே சொல்லச் சொல்றார், பாவம் வந்தா எனக்கு வரட்டும்கறார், ஆனா பாவத்துக்கா நான் பயப்படறேன்னு கேட்டா. சொன்னதுக்கப்புறம் ஆபரேஷன் மேஜையில அவருக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா, நான் சொன்னதாலதான்னு காலம் பூரா தோணுமேங்கறா. அட பைத்தியமே, உன் உடம்பை அறுத்து கிட்னியையே எடுத்துக் கொடுக்கப் போற, பேரைச் சொல்றதுக்கா இவ்வளவு யோசனைன்னு கேட்டேன்.

"கிட்னி என்னுது ஆபா, நான் கொடுக்கலாம். அவர் ஆயுசு என்னுது இல்லையே."

எனக்கு எதுக்கும் பதில் இருக்கும். வாயாடின்னு பேர் வாங்கினவ. அன்னிக்கு அவ தலையைத் தடவிக்கிட்டு நின்னேன். நீ சொன்னா போயிடும்னு பயப்படறே, நீ சொல்லாட்டி நிச்சயமா போயிடும்னு ஒரு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துது. அழற பொண்ணுகிட்ட அதை எப்படிச் சொல்றது. அவளுக்கா தெரியாது.

கமிட்டி அன்னிக்கு நானும் கூடப் போனேன். தெருமுனை ஸ்டாண்டு ஆட்டோக்காரர்தான் ஓட்டினார், அவங்களை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பழகினவர். வழியில கண்ணாடியில பார்த்து, "இன்னாம்மா, கோயிலுக்கு வெட்டப் போற ஆடாட்டம் குந்திக்கினு கீறீங்க மூணு பேரும்"னார். வேற நாளா இருந்தா நான் அவரை ஒரு வழி பண்ணியிருப்பேன். அன்னிக்கு என்னால முடியல. அவ என் கையைப் பிடிச்சிருந்தா.

உள்ள கூப்பிட்டப்பவும் அவ கையை விடல. அந்த மேடம் போய் ஏதோ பேசிட்டு வந்து, நீங்களும் வாங்க, பின்னால உக்காந்துக்கங்க, ஆனா வாயே திறக்கக் கூடாதுன்னாங்க. என்கிட்ட போய் இப்படி ஒரு நிபந்தனை. சரின்னு தலையாட்டினேன்.

நீளமா ஒரு மேஜை. அதுக்கு அந்தப் பக்கம் நாலஞ்சு பேர். நடுவுல தலை நரைச்ச ஒரு டாக்டரம்மா, அவங்கதான் தலைமை. ஓரத்துல ஸ்டாண்டு போட்டு கேமரா. இவங்க ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துல நாற்காலி. அவருக்கு அன்னிக்கு மூச்சு இரைச்சல் அதிகமா இருந்துது, நான் உக்காந்திருந்த இடத்துக்கே கேட்டுது. பழைய கேள்வி ரெண்டு கேட்டாங்க, சொன்னா. அப்புறம் டாக்டரம்மா கேட்டாங்க, மொழிபெயர்க்கிறவர் அவங்க பாஷையில திருப்பிச் சொன்னார். உங்க கணவர் பேர் என்ன?

அவ திரும்பி என்னைப் பார்த்தா. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் தரையைப் பார்த்தா. கமிட்டியில ஒருத்தர் பேனாவைத் தட்டிக்கிட்டே இருந்தார், அந்தப் பேனாவைப் பிடுங்கி வீசலாம்னு வந்துது எனக்கு. அவ மொழிபெயர்க்கிறவர்கிட்ட ஏதோ கேட்டா. அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். பேரைச் சொன்னா கிட்னி கொடுக்க விடுவீங்களான்னு கேட்கறாங்க மேடம்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழட்டி மேஜையில வெச்சாங்க. "இப்பவே வாக்கு கொடுக்க முடியாதும்மா. சொல்லாம மட்டும் எங்களால மேல போக முடியாது"ன்னாங்க.

அது அவ பாஷையில அவளுக்குப் போய்ச் சேர்ந்துது. அவ முக்காட்டைச் சரி பண்ணிக்கிட்டா. நிமிர்ந்து உக்காந்தா. கண்ணை மூடிக்கிட்டு அவர் பேரைச் சொன்னா. சின்னக் குரல்தான், ஆனா பாதியில விழுங்காம, அப்பா வழிப் பேரையும் சேர்த்து முழுசா சொன்னா.

சொன்ன அடுத்த நிமிஷம் சட்டுனு அவர் பக்கம் திரும்பி, அவர் நெஞ்சு மேல கையை வெச்சா. உள்ளங்கையை அழுத்தி வெச்சுப் பார்த்தா. எங்க இருக்கோம், யார் உக்காந்திருக்காங்க, எதுவும் அவளுக்கு ஞாபகம் இல்ல. ஊர்ல பிள்ளைங்க எதிர்க்கக்கூட அவரைத் தொட்டிருக்க மாட்டா, நான் பார்த்த வரைக்கும் எங்க எதிர்க்கத் தொட்டதில்ல. அத்தனை பெரிய மனுஷங்க முன்னால, கேமரா ஓடிட்டிருக்கும்போது, மூச்சு வருதா, துடிக்குதான்னு பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தா. முகத்துல அப்படி ஒரு பயம்.

அவர் அந்தக் கை மேல தன் கையை வெச்சார். கண்ணுல இருந்து தண்ணி கொட்டுது, துடைக்கல. அவங்க பாஷையில ஒரே ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு வங்காளம் ஒரு எழுத்து தெரியாது, ஆனா புரிஞ்சுது. இருக்கேன்.

மொழிபெயர்க்கிறவர் அதைத் திருப்பிச் சொல்லல, யாரும் கேட்கவும் இல்ல. பேனா தட்டினவர் தட்டறதை நிறுத்திட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கிட்டிருந்தார். டாக்டரம்மா ஃபைலை மூடினாங்க. போதும், வெளிய உக்காருங்கன்னாங்க. வராந்தாவுக்கு வந்ததும் நான்தான் முதல்ல அழுதேன்.

அனுமதி வந்துது. பத்து நாளைக்குள்ள ஆபரேஷனும் நடந்துது. ரெண்டு பேரையும் ஒரே காலையில உள்ள கூட்டிட்டுப் போனாங்க, அவளை ஒரு தியேட்டருக்கு, அவரைப் பக்கத்துத் தியேட்டருக்கு. சொந்தம்னு வெளிய உக்காந்திருக்க நானும் என் வீட்டுக்காரரும்தான். சர்ஜன் வெளிய வந்து, கிட்னி வெச்ச உடனே வேலை செய்ய ஆரம்பிச்சுடுச்சு, சிறுநீர் வந்துடுச்சும்மான்னார். சிறுநீர் வந்ததுக்காக என் வாழ்க்கையில நான் கையெடுத்துக் கும்பிட்டது அன்னிக்குத்தான்.

சாயங்காலம் அவளைப் பார்க்க என்னை மட்டும் விட்டாங்க. மயக்கம் முழுசா தெளியல. உதடு காஞ்சு போயிருந்துது. பச்சை கவுனுக்குள்ள ரொம்பச் சின்னப் பொண்ணா தெரிஞ்சா. நான் பக்கத்துல போய் நின்னது அவளுக்குத் தெரியல. வலது கை மட்டும் மெத்தை மேல பக்கத்துல தடவிக்கிட்டே இருந்துது, கம்பி வரைக்கும் போகும், திரும்ப வரும், மறுபடி போகும். அங்க யாரும் இல்ல. அவர் வேற வார்டுல இருந்தார். நான் குனிஞ்சு அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டேன். ஹிந்தியில சொல்லலாம்னு பார்த்தா ஒரு வார்த்தை வாயில வரல. "இருக்கார்மா"ன்னு தமிழ்லயே சொன்னேன். கை தடவறதை நிறுத்திடுச்சு.